வேட்பாளர் இல்லை என்று சொல்லும் முன்: மூத்த பங்களிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தன்னார்வலர்கள் நடத்தும் ஓப்பன் சோர்ஸ் (மூல நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய) மென்பொருள் திட்டங்களில் கமிட் உரிமையும் (நிரலை நேரடியாக மாற்றும் உரிமை) கடவுச்சொற்களும் வைத்திருக்கும் மூத்தவர்களுக்கு,

வணக்கம்.

நான் நிரல் எழுதிப் பெயர் வாங்கிய ஆள் இல்லை. வந்து குவியும் வழு (மென்பொருள் பிழை) அறிக்கைகளைப் படித்து வகை பிரிப்பது, ஆவணங்களைத் திருத்துவது, ரிலீஸ் குறிப்புகள் எழுதுவது, புதிதாக வருகிறவர்களுக்கு எதை யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்வது, இதுதான் பல வருடங்களாக என் வேலை. ஒரு திட்டத்தில் தலைமை இல்லாமல் போனால் அதன் சூடு முதலில் படுவது இந்த இடத்தில் இருப்பவர்கள் மேல்தான். கேள்விகள் எங்களிடம் வருகின்றன. முடிவு சொல்லும் உரிமை உங்களிடம் இருக்கிறது. நீங்கள் வாய் திறப்பதில்லை.

எப்போதாவது திறந்தால் வரும் பதில் ஒன்றே ஒன்று: "பொறுப்பேற்க யாரும் முன்வரவில்லை, நாங்கள் என்ன செய்ய முடியும்?" இதை நான் நம்புவதை நிறுத்திவிட்டேன். ஒரு மனிதரால் செய்யவே முடியாதபடி அந்த வேலையை வைத்திருக்கிறோம். அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஏற்றுக்கொண்டால் எப்போது விடுபடலாம் என்றும் தெரியாது. இப்படிப்பட்ட வேலைக்கு ஆள் வரவில்லை என்று ஆச்சரியப்படுவதுதான் ஆச்சரியம்.

லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளமான டெபியனைப் பாருங்கள். 1993-இல் தொடங்கிய திட்டம், ஆண்டுக்கொரு முறை தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019 மார்ச்சில் வேட்புமனுக் காலம் முடிந்தபோது ஒரு மனுகூட வரவில்லை. பதற வேண்டிய அவசியம் இருக்கவில்லை, ஏனென்றால் இதற்கான வழி அவர்களுடைய சாசனத்திலேயே இருந்தது. மனு வரவில்லையா, ஒரு வாரம் நீட்டு. மறுபடியும் வரவில்லையா, மறுபடியும் நீட்டு. தலைவரே இல்லாத நிலை வந்தால், தள்ளிப்போட முடியாத முடிவுகளைத் தொழில்நுட்பக் குழுவின் தலைவரும் திட்டச் செயலரும் சேர்ந்து எடுக்கலாம். நீட்டிய அந்த வாரத்தில் பெயர்கள் வந்தன. கடைசியில் வாக்குச்சீட்டில் 4 பேர் இருந்தார்கள், சாம் ஹார்ட்மன் தேர்வானார். அந்த நால்வரில் தோற்ற ஒருவர், ஜொனதன் கார்ட்டர், அடுத்த வருடம் ஜெயித்து 2024 வரை தலைவராக இருந்தார்.

இந்த நான்கு பேரும் அந்த ஒரு வாரத்தில் வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை. முந்தைய வாரமும் அங்கேதான் இருந்தார்கள். இடம் காலியாகக் கிடப்பது எல்லோர் கண்ணிலும் பட்டது, அவ்வளவுதான் மாறியது. பதவி ஒரு வருடம், அதிகாரம் இன்னது, எல்லை இன்னது என்பதெல்லாம் ஏற்கெனவே எழுத்தில் இருந்ததால், கையைத் தூக்குவதற்கு முன் எதற்காகத் தூக்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்மில் பெரும்பாலான திட்டங்களில் வேட்புமனுவும் கிடையாது, காலக்கெடுவும் கிடையாது. ஆகவே நாற்காலி காலி என்பதே யாருக்கும் தெரிவதில்லை. நிறுவனர் கடைசியாக எப்போது பேசினார் என்று தேடிப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது.

தலைவர் இல்லாவிட்டால் அதிகாரம் ஆவியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அது டொமைன் (இணைய முகவரி) யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் போகும், அல்லது யார் கடைசிவரை விடாமல் வாதாடுகிறாரோ அவரிடம் போகும். 2009 ஜூலை இறுதியில் சென்ட்ஓஎஸ் உருவாக்குநர்கள் தங்கள் நிறுவனர்களில் ஒருவருக்கே ஒரு திறந்த மடல் எழுத வேண்டி வந்தது. டொமைன் அவர் கட்டுப்பாட்டில் இருந்தது. நன்கொடை வரும் பேபால் கணக்கும் விளம்பர வருமானக் கணக்கும் அவர் கையில் இருந்தன. எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. ஆளும் அகப்படவில்லை. கணக்கிலடங்காத சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்த ஒரு இயங்குதளத்தின் உருவாக்குநர்கள், எங்களோடு தயவுசெய்து பேசுங்கள் என்று ஊரறியக் கேட்டார்கள். சில நாட்களில் அவர் பேச வந்தார், பிரச்சினை தீர்ந்தது. நல்ல முடிவுதான். ஆனால் மூல நிரலை உலகில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலையிலும், அந்தத் திட்டத்தின் பெயரும் பணமும் ஒருவருடைய பதிலுக்காகக் காத்திருந்தன.

இது பெரிய திட்டத்தின் கதை. நமக்கு நடப்பது இதைவிடச் சின்னது, அன்றாடம் நடப்பது.

ஒரு புல் ரிக்வெஸ்டை, அதாவது நிரலில் இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வந்த கோரிக்கையைச் சொல்கிறேன். என் திட்டத்தில் வந்தது. உங்கள் திட்டத்திலும் இதே மாதிரி ஒன்று கிடக்கும். தேதிகளைத் தவறாகப் படிக்கும் ஒரு வழுவுக்கான திருத்தம். சின்ன மாற்றம்தான், டெஸ்டும் சேர்த்தே அனுப்பியிருந்தார். முதலில் வந்தவர் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார். இரண்டாமவர், ஃபங்ஷனுக்கு வேறு பெயர் வைக்கலாமே என்றார். அனுப்பியவர் மாற்றிக் கொடுத்தார். மூன்றாமவர் வந்து, பழைய நடத்தையை நம்பியிருப்பவர்களை இது பாதிக்குமே, அடுத்த பெரிய ரிலீஸில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அடுத்த பெரிய ரிலீஸ் எப்போது, அப்படி ஒன்று உண்டா இல்லையா என்பதை யார் சொல்வது? அதோடு நின்றது. அனுப்பியவர் சில வாரம் கழித்து, ஏதாவது முடிவு தெரிந்ததா என்று கேட்டார். இன்னொரு முறை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. கடைசியில் பாட் (தானியங்கி நிரல்) வந்து, நீண்ட நாளாக அசைவில்லாததால் மூடுகிறேன் என்று எழுதிவிட்டு மூடியது. (எங்கள் திட்டத்தில் தவறாமல் முடிவெடுக்கும் ஒரே உறுப்பினர் அந்த பாட்தான் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம். இப்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது.)

அந்த மூவரில் யார்மேலும் குற்றம் சொல்ல மாட்டேன். மூவருக்கும் மெர்ஜ் செய்யும் (மாற்றத்தை நிரலில் சேர்க்கும்) உரிமை இருந்தது. வேண்டாம் என்று தடுக்கும் உரிமையும் இருந்தது. "சரி, இது இந்த ரிலீஸிலேயே போகட்டும், ஏதாவது உடைந்தால் நான் பதில் சொல்கிறேன்" என்று சொல்லும் பொறுப்பு மட்டும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. தலைமை என்று இந்த மடல் முழுக்க நான் சொல்வது அந்த வாக்கியத்தைத்தான். தொலைநோக்கு, ஆளுமை, மேடைப்பேச்சு எதுவும் வேண்டாம்.

திருத்தம் அனுப்பியவர் அதற்குப் பிறகு வரவே இல்லை. அடுத்த மெயின்டெய்னராக (திட்டத்தைப் பராமரிப்பவராக) ஆகியிருக்கக்கூடியவர். ஆள் கிடைக்கவில்லை என்று நாம் புலம்பும்போது இந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. அதிகம் கமிட் செய்தவர் யாரோ அவரே தலைவர் என்று தானாக எடுத்துக்கொள்வோம். அவரைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தால் முதலில் போவது அவர் நிரல் எழுதும் நேரம். முறைத்துக்கொண்ட இருவரைப் பேச வைக்க வேண்டும். பாதுகாப்புக் குறையை ரகசியமாகத் தெரிவிக்கும் மின்னஞ்சலுக்கு நள்ளிரவில் பதில் எழுத வேண்டும். நன்கொடை வந்தால் கணக்கு வைக்க வேண்டும். புதியவரிடம் நாகரிகமில்லாமல் பேசிய பழைய நண்பரை, நீ பேசியது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வேலைக்குப் பயந்தே பலர் ஒதுங்குகிறார்கள் என்பது என் அனுமானம். நிரலில் கெட்டிக்காரர்கள் இதிலும் கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கெட்டிக்காரர்களையே இந்த வேலை என்ன செய்யும் என்பதற்குப் பைத்தான் என்ற நிரலாக்க மொழி சாட்சி. 2018 ஜூலை 12 அன்று அதை உருவாக்கிய கீடோ வான் ரோசம் தன் தலைமையைத் துறப்பதாக எழுதினார். பெப் 572 என்ற முன்மொழிவு, ஒரு வெளிப்பாட்டுக்குள்ளேயே மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் ஒரு சின்னக் குறியீடு, அதன்மேல் மாதக்கணக்காகச் சண்டை நடந்து முடிந்த நேரம். இவ்வளவு போராடி ஒரு முடிவெடுத்து, பிறகு இத்தனை பேர் அதை வெறுப்பதைப் பார்க்கும் தெம்பு இனி இல்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். வாரிசையும் அவர் நியமிக்கவில்லை. முன்மொழிவுகளை எப்படி முடிவு செய்வீர்கள், புதிய உருவாக்குநர்களை எப்படிச் சேர்ப்பீர்கள், இதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

அதற்கு முன்பு, 1994-லேயே, கீடோவைப் பேருந்து மோதிவிட்டால் பைத்தான் என்ன ஆகும் என்று ஒரு பயனர் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு முறையாக விடை எழுத 24 வருடம் ஆயிற்று. ஏழு ஆட்சிமுறை முன்மொழிவுகளை எழுதி வைத்து, 2018 டிசம்பரில் வாக்கெடுத்து, ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு என்று முடிவு செய்தார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு புதிய பெரிய பதிப்புக்குப் பிறகும் மறுதேர்தல். முதல் குழுவில் கீடோவும் ஒருவராகத் தேர்வானார். ஐந்தில் ஒருவராக இருப்பது, தனி ஒருவராக இருப்பதைவிட அவருக்குச் சுமை குறைவாகத்தான் இருந்திருக்கும்.

பைத்தானுக்கு அதிர்ஷ்டம். விலகியவர் உயிரோடு இருந்தார், பக்கத்திலேயே இருந்தார், கேட்டால் பதில் சொன்னார். நிரல் எழுத உதவும் விம் எடிட்டரை 1991 முதல் கட்டிக்காத்த பிராம் மோலனார் 2023 ஆகஸ்ட்டில் இறந்துபோனார். உடனிருந்த கிறிஸ்டியன் பிராபண்ட் முதலானவர்கள் திட்டத்தைத் தொடர்கிறார்கள். உடனிருக்கவே ஆள் இல்லாத திட்டம் என்ன செய்யும்?

அதற்கும் உதாரணம் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் படித்ததுதான். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதிலிருந்து நம்மில் பலர் தவறான பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்-இஸட் யூட்டில்ஸ் என்பது தரவைச் சுருக்கும் ஒரு கருவி. லினக்ஸ் விநியோகங்களில் அநேகமாக எங்கும் இருக்கும். பல ஆண்டுகளாக அதை அடிப்படையில் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். 2021-இல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் பங்களிக்கத் தொடங்கினார். 2022-இல் வேறு சில பெயர்கள் முளைத்தன. ஏன் இவ்வளவு தாமதம், உன்னால் முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடலாமே என்று அந்தப் பெயர்கள் நச்சரித்தன. மெயின்டெய்னர் பொறுமையாகத்தான் பதில் எழுதினார். நீண்ட நாள் மனநலச் சிக்கல்களால் தன்னால் முன்போலக் கவனிக்க முடியவில்லை, இது சம்பளம் இல்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதை மறக்க வேண்டாம் என்றார். படிப்படியாக 'ஜியா டான்' கைக்குப் பொறுப்பு போனது. 2024-இல் 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைக்கப்பட்டது. அந்த வருடம் மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர் அதைக் கண்டுபிடித்து அறிவித்தார். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை விநாடி அளவுக்குத் தாமதமானது அவர் கண்ணில் உறுத்தியிருக்கிறது. அதைத் தோண்டிக்கொண்டே போனதில் சிக்கியது.

இதைப் படித்துவிட்டு நம்மில் பலர் செய்தது என்ன? புதியவர்களுக்குக் கமிட் உரிமை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அறிமுகம் இல்லாதவர்களை நம்பாதே என்று பாடம் எழுதிக்கொண்டார்கள். இது அடுத்த எக்ஸ்-இஸட்டுக்கு நாமே மேடை போடுவது. தாக்க வந்தவர்கள் தேடிப் பிடித்தது களைத்துப்போன ஒரு மனிதரை. பக்கத்தில் நிற்க யாரும் இல்லாத, இனி முடியவில்லை என்று அறிவிக்க முறையான இடம் எதுவும் இல்லாத ஒரு மனிதரை. கதவை இறுக்கிச் சாத்தினால் உள்ளே இருப்பவர் இன்னும் தனியாவார். 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியம்) தொகுப்பில் இதே கதை வேறு விதமாக நடந்தது. எழுதியவர் அதில் ஆர்வம் இழந்து வெகுநாள் ஆகியிருந்தது. மின்னஞ்சலில் கேட்ட ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டார். ஒப்படைக்கப்பட்டவர், பிட்காயின் பணப்பையிலிருந்து திருடும் நிரலை அதன் வழியாக நுழைத்தார். கொடுத்தவரை அப்போது திட்டித் தீர்த்தார்கள். அவர் வேறு யாரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று திட்டியவர்களில் எத்தனை பேரால் சொல்ல முடிந்திருக்கும்?

பணம் இருந்தால் எல்லாம் சரியாகும் என்பீர்கள். ஓரளவு உண்மை. 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு வழு வெளியானபோது, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கத் திட்டத்துக்கு வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் பணம் போட்டன, ஆட்களும் சேர்ந்தார்கள். பணத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பணம் நிரல் எழுத ஆள் கொண்டுவரும். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லும்போது எது நடக்கும் என்பதை அது தீர்த்துவைக்காது. தீர்த்துவைத்தால் இன்னும் மோசம், பணம் போட்டவர் சொன்னதே நடக்கும். அதற்குத்தான் பைத்தான்காரர்கள் இரண்டு பேர் வரம்பு வைத்தார்கள். பயனர்கள் நிறைய இருந்தால் உதவி தானாக வரும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். சர்வர்களில் செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் மிகப் பரவலாகப் பயன்பட்ட, வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே அனுப்பும் இன்கிரஸ் என்ஜின்எக்ஸை ஓய்வுக்கு அனுப்பப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். ஒன்றிரண்டு பேர் வேலை முடிந்த பிறகும் வார இறுதிகளிலும் பார்த்துக்கொண்டிருந்த திட்டம் அது.

"செய்கிறவரே முடிவெடுப்பார், தனியாகத் தலைமை எதற்கு?" என்ற வாதமும் தெரியும். நிரலைப் பொறுத்தவரை அது நன்றாகவே வேலை செய்கிறது. மனிதர்களுக்கு இடையே உரசல் வந்தால் கைவிட்டுவிடுகிறது. 2021 நவம்பரில் ரஸ்ட் நிரலாக்க மொழியின் நடத்தை மேற்பார்வைக் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. மையக் குழு யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாமல் இருக்கிறது, எங்களால் விதிகளை அமல்படுத்த முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 2023-இல் மையக் குழுவுக்குப் பதிலாகத் தலைமைக் கவுன்சில் ஒன்றை அமைத்தார்கள். அங்கே உழைப்பாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒருவர் தப்பு செய்தால் அதை யாரிடம் கொண்டுபோவது என்பதுதான் அப்போது தெளிவாக இருக்கவில்லை.

சரி, என்னதான் கேட்கிறேன்?

முதலில் சாவிகள். டொமைன் யார் பெயரில், புதுப்பிக்கும் தேதி எப்போது, கட்டணம் யார் கார்டிலிருந்து போகிறது. பைபிஐ (பைத்தான் தொகுப்புகளின் களஞ்சியம்) அல்லது என்பிஎம் போன்ற இடங்களில் வெளியிடும் உரிமை யாரிடம். ரிலீஸ்களில் டிஜிட்டல் கையெழுத்திடும் சாவி எங்கே, அது தொலைந்தால் என்ன செய்வது. தானியங்கி சோதனைகள் ஓடும் சர்வருக்குள் யார் நுழைய முடியும். நன்கொடைக் கணக்கில் யார் யார். சமூக ஊடகக் கணக்கின் கடவுச்சொல். இது ஒரு பக்கம்கூட வராது. கடவுச்சொல்லை எழுதச் சொல்லவில்லை, யாரிடம் இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதும். எந்த வரியிலும் ஒரே ஒரு பெயர் இருக்கக் கூடாது. இதை எழுத உட்கார்ந்தால் பாதி வரிகளுக்கு யாருக்குமே விடை தெரியாது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். தலைவரைத் தேடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள், ஏனென்றால் சாவி இல்லாத தலைவர் எடுபிடிதான்.

அடுத்து, பதவிக்கு முடிவு தேதி. ஒரு வருடம் என்று வையுங்கள், ஆறு மாதம் என்றுகூட வையுங்கள். ஒருவர் வேண்டாம், இருவராக இருக்கட்டும். முடிந்ததும் விலகுவது இயல்பு என்றும், தொடர்வதற்குத்தான் அவர் மறுபடி கேட்க வேண்டும் என்றும் எழுதி வையுங்கள். நம் திட்டங்களில் இது தலைகீழாக இருக்கிறது. தொடர்வது தானாக நடக்கிறது, விலகுவதற்குத்தான் நீண்ட விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. டெபியன் சாசனத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. இந்தச் சாசனத்தில் உள்ள எதுவும் யாரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். தன்னார்வம் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் எழுதிய வரி.

அதே டெபியனில் ஒரு தொகுப்பைப் பார்த்துக்கொள்பவர் தன் நிலைமையைப் படிப்படியாக அறிவிக்கலாம். கூட ஒருவர் வேண்டும் என்று சொல்லலாம். யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது என்று சொல்லலாம். இனி இது என்னுடையது இல்லை என்றே சொல்லிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு, பொதுப் பட்டியல் உண்டு. சத்தமில்லாமல் காணாமல் போனவர்களைத் தேடித் தொடர்புகொள்வதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. பெர்ல் மொழியின் தொகுப்புக் களஞ்சியமான சிபானிலும் உதவி வேண்டும், கைமாற்றத் தயார், தத்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று நிலைகள் உண்டு. பட்டியலைப் பார்த்து வருகிறவரை எல்லோர் முன்னாலும் நாலு கேள்வி கேட்கலாம், சில மாதம் கூடவே வேலை செய்து பார்க்கலாம். தனி மின்னஞ்சலில் வந்தவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதி அடைவதற்கும் இதற்கும் உள்ள தூரம்தான் ஈவென்ட்-ஸ்ட்ரீம்.

ஒரு ஒத்திகையும் பாருங்கள். 2018 செப்டம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சில வாரம் ஒதுங்கியிருந்தார். லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 4.19 பதிப்பை கிரெக் க்ரோ-ஹார்ட்மன் முடித்து வெளியிட்டார். லினஸ் ஒதுங்கியது ஒத்திகைக்காக இல்லைதான், தன் பேச்சு முறையைப் பற்றி யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டார். ஆனாலும் ஒரு ரிலீஸை வேறொருவர் முழுசாகக் கையாள முடியும் என்பது அதில் நிரூபணமாயிற்று. நீங்கள் நெருக்கடி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சின்ன ரிலீஸை இதுவரை ரிலீஸ் செய்யாத ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், கீபோர்டைத் தொடாதீர்கள். எங்கெல்லாம் அவர் உங்களைக் கேட்டாரோ அங்கெல்லாம் ஆவணத்தில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அதை எழுதித் தர என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

இதைச் சொல்லும்போது கொஞ்சம் மனத்தாங்கலும் சேர்ந்தே வருகிறது. உங்கள் தேடல் எப்போதும் கமிட் எண்ணிக்கை அதிகம் உள்ளவர்களிடமே நிற்கிறது. வழுக்களை வகை பிரிப்பவருக்கு எந்தப் பயனர் எதற்காகக் கஷ்டப்படுகிறார் என்று தெரியும். மொழிபெயர்ப்பை ஒருங்கிணைப்பவர் ஏற்கெனவே பல நேர மண்டலங்களில் இருப்பவர்களைக் கட்டி மேய்க்கிறார். நான் மேலே சொன்ன தலைமை வேலைகளில் பாதியை இவர்கள் பதவி இல்லாமலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். இவர்கள் தாங்களாக வந்து கேட்க மாட்டார்கள். எனக்கு அந்தத் தகுதி உண்டா என்ற தயக்கம்தான் காரணம். பொதுவில் "யாராவது வாருங்கள்" என்று எழுதினால் அந்த யாராவது தாங்கள் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பல ஓப்பன் சோர்ஸ் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையில் ஒவ்வொரு திட்டமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர் குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். கடைசியாக எப்போது புதிய ஆளைச் சேர்த்தீர்கள் என்பதும் அதில் வரும். உங்கள் திட்டத்தில் அந்த இடத்தில் என்ன தேதி வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியும் யாரும் வரவில்லை என்றால்? நடக்கலாம். எல்லாத் திட்டமும் பிழைத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மேற்பார்வை செய்யக் குறைந்தது மூன்று பேராவது இல்லாத திட்டங்களை ஓய்வு கொடுத்து வைக்க அப்பாச்சியில் 2008 முதல் ஒரு பரண் இருக்கிறது. நிரல் அழிவதில்லை, படிக்க மட்டும் வைக்கப்படுகிறது, இனி பாதுகாப்புத் திருத்தம் வராது என்று பயனருக்கு நேர்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மூன்று வருடம் இழுத்துக்கொண்டிருக்கும் திட்டத்தைவிட இது எவ்வளவோ மேல். நம்பி நிறுவியவர் வேறு கருவி தேடிக்கொள்ளவாவது நேரம் கிடைக்கும்.

உங்களில் சிலருக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் ஒரு கமிட்டும் இல்லை, ஆனால் ஒவ்வொரு பெரிய முடிவிலும் கடைசி நிமிடத்தில் வந்து எதிர்ப்பு மட்டும் தெரிவிக்கிறீர்கள். உங்கள் பழைய உழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு, இந்த மென்பொருளை நான் தினமும் பயன்படுத்துவதே நீங்கள் எழுதியதால்தான். ஆனாலும் புதிதாகப் பொறுப்பேற்கத் துணிந்த ஒருவரை உங்கள் ஒற்றை வரி எதிர்ப்பு எப்படி முடக்குகிறது என்பதை நான் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். கௌரவ உறுப்பினராக ஆகிவிடுங்கள். ஆலோசனை சொல்லுங்கள், கேட்போம். தடுக்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுங்கள்.

கடைசியாக, என் திட்டத்தின் மூத்தவர்களுக்கு மட்டும். சாவிகள் பட்டியலின் வரைவை நானே எழுதித் திட்டத்தின் நிரல் களஞ்சியத்தில் புல் ரிக்வெஸ்டாகப் போட்டிருக்கிறேன். டொமைன், கையெழுத்துச் சாவி, நன்கொடைக் கணக்கு ஆகிய மூன்று வரிகளுக்கு எதிரே யார் பெயர் எழுதுவது என்று தெரியாததால் காலியாக விட்டிருக்கிறேன். அடுத்த ரிலீஸுக்கு முன் நிரப்பித் தாருங்கள். அந்த ரிலீஸை யார் செய்வது என்ற இடத்தில் இரண்டு பேரின் பெயரை, அவர்களிடம் கேட்டுச் சம்மதம் வாங்கியே எழுதியிருக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று காரணத்தோடு எழுதுங்கள். யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் நிரல் மாற்றங்களுக்குச் சரி, இதற்குச் சரிவராது. உங்கள் ஒவ்வொருவரின் பதிலும் பெயரோடு எனக்கு வேண்டும். பாட் வந்து அதை மூடாதபடி அமைப்பில் விலக்கு ஒன்றும் சேர்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வழு அறிக்கைகளைப் படிக்கும் ஒரு தன்னார்வலர்